பழைய துண்டுல செஞ்ச சிமெண்ட் தொட்டி

மொத தொட்டி உடைஞ்ச கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா இந்த வேலையில எனக்குத் தெரிஞ்சதுல பாதி அந்த உடைஞ்ச மடிப்புக்குள்ள இருந்துதான் வந்துச்சு.

வீடியோல பாக்குறப்ப ரொம்ப சுலபமாத் தெரியும். பழைய துண்ட சிமெண்ட் கரைசல்ல முக்கி, கவுத்து வச்ச வாளி மேல போட்டு, மறுநாள் எடுத்து நிமித்துனா மடிப்பு மடிப்பா அழகா ஒரு பூந்தொட்டி. நானும் அப்படியேதான் செஞ்சேன். நீலக்கலர் குளியல் துண்டு ஒண்ணு சாயம் மங்கிப்போய் கெடந்துச்சு, அத எடுத்து முக்கி வாளி மேல போட்டு, சீக்கிரம் காயட்டும்னு நல்லா வெயில் அடிக்கிற எடமாப் பாத்து வச்சேன். மறுநாள் தட்டிப் பாத்தா கல்லு மாதிரி சத்தம். சந்தோஷமா மண்ணு போட்டு செடியும் வச்சாச்சு. மூணாவது வாரம் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்னு விளிம்பப் புடிச்சுத் தூக்குனேன், ஒரு மடிப்பு அப்படியே கையோட வந்துருச்சு.

மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த உடைஞ்ச எடத்தக் கண்ணு கிட்ட வச்சுப் பாத்தப்பதான் விஷயம் புரிஞ்சுது. வெளிப்பக்கமும் உள்பக்கமும் காகிதம் மாதிரி மெல்லிசா சாம்பல் கலர்ல சிமெண்ட், நடுவுல துண்டோட அதே பழைய நீலம், சிமெண்ட் எட்டிக்கூட பாக்கல. விரல் வச்சா துண்டுல இருக்குற அந்த சின்னச் சின்ன நூல் வளையமெல்லாம் மெத்து மெத்துனு இருக்கு. வெளிய இருக்குற சிமெண்ட்ட நகத்தால சுரண்டுனா பவுடராக் கொட்டுது. ஆக ரெண்டு தப்பு, ஒண்ணு துணிக்குள்ள சிமெண்ட் போகவே இல்ல, இன்னொண்ணு போன சிமெண்ட்டும் சரியா இறுகல.

கொத்தனார் வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் எனக்குப் பழக்கம், அவர்கிட்ட அந்த உடைஞ்ச துண்டக் கொண்டுபோய்க் காட்டுனேன். கையில வாங்கித் திருப்பிப் பாத்துட்டு "எத்தன நாள் தண்ணி விட்டம்மா?"ன்னு கேட்டாரு. தண்ணியே விடல அண்ணே, வெயில்ல காய வச்சேன்னு சொன்னேன். "சிமெண்ட்டு காயக்கூடாதும்மா, இறுகணும். காய்றது வேற, இறுகுறது வேற"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, ஆனா இன்னிக்கு வரைக்கும் நான் செய்யுற ஒவ்வொரு தொட்டியும் அந்த ஒரு வார்த்தையில நிக்குது.

அது ஏன்னா, சிமெண்ட் கெட்டியாகுறது தண்ணி வத்துறதால இல்ல, தண்ணிய உள்ள இழுத்து அதோட சேந்து வேற ஒரு பொருளா மாறுறதால. சிமெண்ட்ல இருக்குற கால்சியம் சிலிகேட் தண்ணியோட வினை புரிஞ்சு கண்ணுக்குத் தெரியாத படிகங்களும் பசை மாதிரி ஒண்ணும் உருவாகி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், அந்தப் பின்னல்தான் பலம். தண்ணி இருக்குற வரைக்கும் அந்த வேலை நடந்துக்கிட்டே இருக்கும், தண்ணி போயிடுச்சுன்னா அப்படியே நின்னுரும். கான்கிரீட்டோட பலத்த 28 நாள் கழிச்சு சோதிச்சுப் பாக்குறாங்களே, அது இதனாலதான், மொத வாரத்துலயே பெரும்பங்கு பலம் வந்துரும்னாலும் மிச்சம் மெதுவா வரும். நம்ம தொட்டியோ துணி கனம்தான், ஒரு விரல் தடிமன் கூட இருக்காது, வெயில்ல வச்சா ரெண்டு மூணு மணி நேரத்துலயே தண்ணி பறந்துரும். வீட்டுக்கு ஊத்துற தளத்தக் கூட ஒரு நாள் தண்ணி விட மறந்தா தாங்கிக்கும், இந்த மெல்லிசு சாமான் தாங்காது.

சரி, ரெண்டாவது தொட்டிக்கு வருவோம். இத நிதானமா, ஒவ்வொண்ணா யோசிச்சு செஞ்சேன்.

மொதல்ல துணி. தண்ணிய நல்லாக் குடிக்கிற துணியா இருக்கணும், அதுதான் ஒரே தகுதி. பழைய டர்க்கி துண்டு பெஸ்ட், கம்பளி மாதிரி மொசுமொசுன்னு இருக்குற ஃப்ளீஸ் போர்வையும் நல்லா வரும், சாக்கு கூட சொரசொரப்பா ஒரு தனி அழகு குடுக்கும் ஆனா ஓட்டை ஓட்டையா இருக்குறதால கோட் நெறைய அடிக்கணும். வழவழன்னு இருக்குற மெல்லிசு சிந்தடிக் புடவைத்துணி, பெட்ஷீட் எல்லாம் வேணாம், சிமெண்ட் அதுல நிக்காம வழிஞ்சு ஓடிரும். புதுத் துணியா இருந்தா அதுல கஞ்சிப் பசை இருக்கும், அத அலசிட்டுதான் எடுக்கணும், ஏன்னா மாவுப்பசையும் சர்க்கரையும் சிமெண்ட் இறுகுறதத் தாமதப்படுத்தும். துவைக்கும்போது போடுற வாசனை சாஃப்ட்னர் இருக்கு பாருங்க, அது நூல் மேல ஒரு வழுக்கல் படலமா ஒட்டிக்கும், என் நீலத் துண்டு சிமெண்ட்டக் குடிக்காததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்னு நெனைக்கிறேன். இப்பல்லாம் வெறும் வெந்நீர்ல ரெண்டு தடவ அலசிட்டுதான் துண்ட எடுக்கிறேன்.

அப்புறம் துணிய உலர்ந்த மேனிக்கு சிமெண்ட்ல போடாதீங்க. காஞ்ச துணி கரைசல்ல இருக்குற தண்ணிய மட்டும் சர்ருன்னு உறிஞ்சிட்டு சிமெண்ட்ட வெளியவே வடிகட்டி விட்டுரும், நடுவுல நீலமா நின்னது அதனாலதான். பச்சத்தண்ணியில நனைச்சு, நல்லா முறுக்கிப் பிழிஞ்சு, சொட்டாத ஈரமா இருக்கும்போது போடணும்.

கரைசலுக்கு நான் வச்சிருக்குற அளவு மூணு மக் சிமெண்ட்டுக்கு ரெண்டு மக் தண்ணி. பெயிண்ட் டப்பாவத் தொறந்து கலக்குனதும் இருக்குற பதம் இருக்குல்ல, குச்சிய விட்டு எடுத்தா குச்சி மேல கோட்டிங் நிக்கணும் ஆனா வழியவும் செய்யணும், அந்தப் பதம். தண்ணி கூடிப்போச்சுன்னா வேலை சுலபமா இருக்கும், தொட்டி பலமா இருக்காது, அதிகத் தண்ணி பின்னாடி வெளிய போகும்போது அது இருந்த எடமெல்லாம் நுண்ணுன ஓட்டையா நின்னுரும். மொத முக்கலுக்கு மணல் சேக்காதீங்க, மணல் துணிக்குள்ள போகாது, வெளியவே நின்னு மத்ததையும் தடுக்கும். மணல் பின்னாடி பூசுற கோட்டுக்கு வச்சுக்கலாம். சிமெண்ட் புதுசா இருக்கட்டும், ரொம்ப நாள் மூட்டை பிரிச்சு வச்சு கட்டி தட்டிப் போனத நசுக்கிப் போட்டு மிச்சம் பண்ண நெனச்சா தொட்டிதான் போகும், அந்தக் கட்டியெல்லாம் ஏற்கனவே காத்துல இருக்குற ஈரத்தக் குடிச்சு வேலைய முடிச்சிட்ட சிமெண்ட்.

சிலபேர் ஃபெவிகால் மாதிரி வெள்ளப் பசை கலக்கச் சொல்றாங்க. வீட்டுக்குள்ள வைக்கிற அலங்காரப் பொருளுக்கு சரி, தினம் தண்ணி ஊத்துற தொட்டிக்கு நான் சேக்க மாட்டேன், ஈரம் தொடந்து இருந்தா அந்தப் பசை திரும்ப இளகும். பசை வேணும்னா வாட்டர்ப்ரூஃபிங்குக்கு விக்கிற எஸ்.பி.ஆர் லேட்டக்ஸோ அக்ரிலிக்கோ வாங்கிக்கோங்க.

கைக்கு ரப்பர் க்ளவுஸ் கட்டாயம். இத நான் சும்மா ஃபார்மாலிட்டிக்கு எழுதல. ஈர சிமெண்ட்டோட காரத்தன்மை ரொம்ப ஜாஸ்தி, புளிப்பா காரமான்னு அளக்குற பி.எச் எண் 12க்கு மேல. பிரச்சனை என்னன்னா அது தொட்ட உடனே எரியாது, வேலை பாத்துக்கிட்டே இருப்போம், சில மணி நேரம் கழிச்சுதான் தோல் செவந்து வெந்த மாதிரி ஆகும். துணி க்ளவுஸ் போட்டா இன்னும் மோசம், ஈரத்த அப்படியே தோலோட ஒட்டி வச்சுக்கும். மூட்டைய பிரிக்கும்போதும் கொட்டும்போதும் மாஸ்க், கண்ணாடி. குழந்தைங்கள வச்சுக்கிட்டு செய்யுறதா இருந்தா அவங்களுக்கு மடிப்பு ஒழுங்கு பண்ற வேலை குடுக்காம பின்னாடி பெயிண்ட் அடிக்கிற வேலை குடுங்க.

இப்ப முக்குறது. அஞ்சு நிமிஷம் ஊற வச்சா போதும்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஊற வச்சா மட்டும் போதாது, பிசையணும். துணிய கரைசலுக்குள்ளயே வச்சு அமுக்கி, விட்டு, திருப்பி, மறுபடி அமுக்கி, உள்ள இருக்குற காத்து பூரா முட்டை முட்டையா வெளிய வர்ற வரைக்கும் செய்யணும், முட்டை நின்னுச்சுன்னா சிமெண்ட் உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். எடுக்கும்போது பிழியக்கூடாது, ரெண்டு கையால வழிச்சு விட்டா போதும். ஒரு குளியல் துண்டு சிமெண்ட் குடிச்சா தூக்குறதுக்குத் திணறும், கூட ஒரு ஆள் இருந்தா ஆளுக்கு ரெண்டு முனையப் புடிச்சு அலுங்காம வாளி மேல எறக்கலாம்.

அச்சு விஷயத்துல ரெண்டே ரெண்டு சொல்றேன். வாளிய கவுத்து, பாலித்தீன் கவர் போத்தி, அத ஒரு ஸ்டூல் மேலயோ இன்னொரு வாளி மேலயோ ஒசத்தி வைங்க, துணியோட கீழ் முனை எங்கயும் தரையத் தொடவே கூடாது. தொட்டா அந்த முனை மடங்கி தரையோட ஒட்டிக்கும், அதுதான் பின்னாடி தொட்டியோட விளிம்பு, கோணலாப் போயிரும். இன்னொண்ணு, வாளியோட அடிப்பாகம் எவ்வளவு அகலமோ அதுதான் தொட்டி நிக்கிற பாதம், சின்ன டப்பா மேல பெரிய துண்டப் போட்டா பாக்க பூ விரிஞ்ச மாதிரி இருக்கும், ஒரு காத்துக்கு சாஞ்சிரும். துணியப் போட்டதும் மேல ஒரு பலகைய வச்சு லேசா அமுக்கி சமமாக்கிருங்க. சதுரத் துண்டு போட்டா நாலு முனை எறங்கி நாலு இதழ் மாதிரி வரும், வட்டமா வெட்டிப் போட்டா விளிம்பு ஒரே மட்டமா அலை அலையா வரும். எனக்கு சதுரம்தான் புடிக்கும்.

தண்ணி வடியுற ஓட்டைக்கு, பாதத்துக்கு நடுவுல துணிய ஒரு சின்ன பெருக்கல் குறி மாதிரி கீறி பிவிசி பைப் துண்டு ஒண்ண எண்ணெய் தடவி சொருகி வச்சிருங்க, மறுநாள் முறுக்கி எடுத்தா ஓட்டை ரெடி. இறுகுனதுக்கப்புறம் ட்ரில் போட்டு ஓட்டை போடலாம்தான், ஆனா மெல்லிசா இருக்குறதால சுத்தி விரிசல் விடுமோன்னு பயந்துக்கிட்டே போடணும்.

மடிப்பு. இதுதான் எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் புடிச்ச நேரம். துணி வாளி மேல உக்காந்ததும் தானா ஒரு விழுகை விழும், அத ரொம்ப மாத்தாதீங்க, அது எடைக்கு ஏத்த மாதிரி தானா தேடிக்கிட்ட வழி. ஒட்டிக்கிட்டு இருக்குற மடிப்ப மட்டும் விரல் விட்டுப் பிரிச்சு, திரும்ப சேராம நடுவுல ஒரு குச்சியோ பிளாஸ்டிக் பாட்டிலோ வச்சு விட்டா போதும். மடிப்பு எதுக்குன்னா அழகுக்கு மட்டும் இல்ல, ஒரு காகிதத்த தட்டையா நிக்க வைங்க, நிக்காது, விசிறி மாதிரி மடிச்சு நிக்க வைங்க, நிக்கும். அதே கதைதான். மடிப்பு ஆழமா இருக்குற தொட்டிதான் மண்ணு எடையத் தாங்குது.

அடுத்த ஒரு மணி நேரம் பக்கத்துலயே இருங்க. கரைசல் மெதுவா கீழ வழிஞ்சுக்கிட்டே இருக்கும், மேல துணி மடங்குற அந்த முனை இருக்குல்ல, வாளியோட அடி விளிம்பு மேல துணி வளையுற எடம், அங்கதான் மொதல்ல வெளுத்து நூல் தெரிய ஆரம்பிக்கும். தொட்டிய நிமித்துனா மண்ணோட மொத்த எடையும் உக்காரப் போற எடமும் அதேதான். அதனால கீழ சொட்டுனத வழிச்சு பிரஷ்ஷால அந்த முனையில திரும்பத் திரும்பப் பூசிக்கிட்டே இருக்கணும், நான் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பூசுவேன். கரைசல் கெட்டிப்பட ஆரம்பிச்சிருச்சுன்னா அதுல மறுபடி தண்ணி ஊத்திக் கலக்கிப் பூசாதீங்க, புதுசா கொஞ்சம் கலக்கிக்கோங்க. மிச்சமானத சிங்க்லயோ ஜலதாரையிலயோ கொட்டிராதீங்க, அங்க போய் கல்லாயிரும், ஒரு பழைய டப்பாவுல ஊத்தி இறுக விட்டுத் தூக்கிப் போடுங்க.

அது முடிஞ்சதும் பெரிய பாலித்தீன் கவரால மொத்தத்தையும் மூடி நிழல்ல வச்சிருங்க. ஒரு நாள் தொடாதீங்க, குளிரா இருந்தா ரெண்டு நாள். அப்புறம் வாளிய மெதுவா உருவி எடுத்து, தொட்டிய நிமித்தாம கவுத்த வாக்குலயே, தண்ணி தெளிச்சு ஈரமாக்கிட்டு ரெண்டாவது கோட். இப்ப சலிச்ச நைஸ் மணல் சேக்கலாம், ரெண்டு பங்கு சிமெண்ட்டுக்கு ஒரு பங்கு மணல். காஞ்ச மேல்பரப்பு மேல பூசுனா ஒட்டாம பொருக்காக் கெளம்பி வந்துரும், அதனால ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னாடி தண்ணி. உள்ள ஒரு கோட், வெளிய ஒரு கோட், மடிப்புக்குள்ள பிரஷ் நுனிய விட்டு. துணி எத்தன வருஷம் தாக்குப்பிடிக்கும்னு அத நம்பிக்கிட்டு இருக்க முடியாது, சிமெண்ட்டோட காரமும் ஈரமும் இயற்கை நூலக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும், அதனால கடைசியில நிக்கப் போறது இந்தக் கோட்டுங்கதான்.

பெரிய தொட்டி செய்யணும்னா துணிய மட்டும் நம்பாதீங்க, வாளி மேல மொதல்ல கோழி வலைய வளைச்சு, அது மேல துணி போடுங்க. இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். இன்னிக்கு உலகம் பூரா கட்டடம் கட்டுறாங்களே கம்பி போட்ட கான்கிரீட், அதுக்கு ஆரம்பகாலத்துல காப்புரிமை வாங்கினவங்கள்ல ஒருத்தர் ஒரு தோட்டக்காரர். பிரான்ஸ்ல ஜோசப் மோனியேன்னு பேரு. மண் தொட்டி உடையுது, மரத்தொட்டி மக்குதுன்னு, இரும்புக் கம்பி வலை மேல சிமெண்ட் பூசி செடித் தொட்டி செஞ்சாரு, 1867ல அதுக்குக் காப்புரிமை வாங்குனாரு. 1875ல அவரே அதே முறையில ஷாஸ்லேங்கிற எடத்துல ஒரு பாலம் கட்டினாரு. பூந்தொட்டியில இருந்து பாலம்! சிமெண்ட் அமுக்குனா தாங்கும், இழுத்தா தாங்காது, இழுக்குறதத் தாங்க உள்ள ஒரு நரம்பு வேணும், அவருக்குக் கம்பி, நமக்குத் துண்டு. வாளி முன்னாடி உக்காந்து மடிப்பு பிரிக்கும்போதெல்லாம் அந்த மனுஷன நெனச்சுக்குவேன்.

அப்புறம் தண்ணி விடுற வேலை. கோட்டெல்லாம் முடிஞ்சதும் தொட்டிய நிமித்தி, சுத்தி ஈரச்சாக்கு, அதுக்கு மேல கவர், காலையில ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ தண்ணி, குறைஞ்சது ஏழு நாள். நான் ரெண்டு வாரம் விடுறேன். கவரத் தொறந்தா உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருக்கணும், வேர்க்கலன்னா தண்ணி பத்தலன்னு அர்த்தம். நாள் போகப் போக கலர் மாறுறதும் சத்தம் மாறுறதும் தெரியும். மூணாவது நாள் விரல் முட்டியால தட்டுனா டொக்குனு அடங்குன சத்தம் வரும், ரெண்டு வாரம் கழிச்சு தட்டுனா கணீர்னு இருக்கும்.

கணீர்னு வந்துருச்சுன்னு உடனே செடிய வச்சிராதீங்க, நான் ரெண்டாவது தொட்டியில பண்ண தப்பு இதுதான். ஆசையா ஒரு இட்லிப்பூச் செடி வச்சேன், ஒரு மாசத்துல புது இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு. உரம் போட்டேன், இன்னும் மஞ்சளாச்சு. அது உரக்குறை இல்ல, இரும்புச்சத்து மண்ணுல இருந்தும் வேரால எடுக்க முடியாத நிலைமை. புது சிமெண்ட்ல இருந்து சுண்ணாம்பு கசிஞ்சு மண்ணு காரமாயிரும், பெரும்பாலான செடிக்கு 6ல இருந்து 7க்குள்ள பி.எச் இருந்தாதான் சௌகரியம், பி.எச்ல ஒரு எண் கூடுனா காரம் பத்து மடங்கு கூடுதுன்னு கணக்கு, அப்ப 12க்கும் 7க்கும் எவ்வளவு தூரம்னு பாத்துக்கோங்க. செடிய எடுத்து வேற தொட்டிக்கு மாத்துனதும் அடுத்த தளிர் பச்சையா வந்துச்சு, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அதனால இப்ப ஓட்டைய அடைச்சுட்டு தொட்டி நெறைய தண்ணி ஊத்தி வைக்கிறேன், ரெண்டு நாளுக்கு ஒரு தடவ மாத்துறேன். மொத மொத ஊத்துன தண்ணி மேல மெல்லிசா வெள்ள ஆடை கட்டும், விரலால தொட்டா கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும், கசிஞ்சு வந்த சுண்ணாம்பு காத்தோட சேந்து அப்படி ஆகுது. அஞ்சாறு தடவ மாத்துனதும் ஆடை கட்டுறது நின்னுரும், பி.எச் பேப்பர் வச்சுப் பாத்தாலும் தெரியும். வினிகர் ஊத்துனா சீக்கிரம் முடியும்னு சொல்றாங்க, அமிலம் சிமெண்ட்டோட மேல்தோலையும் சேத்து அரிக்கும், இவ்வளவு பாடுபட்டு இறுக வச்சத எதுக்கு அரிக்க விடணும்னு நான் செய்யுறதில்ல. பெயிண்ட் அடிக்கிறதுன்னா இதெல்லாம் முடிஞ்ச பிறகு, நல்லா உலர்ந்ததும், வெளிச்சுவத்துக்கு அடிக்கிற அக்ரிலிக் பெயிண்ட். ஆயில் பெயிண்ட் வேணாம், புது சிமெண்ட்டோட காரம் அதுல இருக்குற எண்ணெய சோப்பு மாதிரி ஆக்கிரும், உரிஞ்சு வரும்.

செடியும் பாத்து வைங்க. சோற்றுக்கற்றாழை, பத்துமணிப் பூ, சதைப்பத்தா இலை இருக்குற சின்னச் செடிங்க எல்லாம் இதுல சிரமமில்லாம வருது. இட்லிப்பூ, ஹைட்ரேஞ்சியா, கார்டீனியா மாதிரி புளிப்பு மண்ணு கேக்குற செடிகள தொட்டி ஒண்ணு ரெண்டு வருஷம் பழகுற வரைக்கும் வைக்காம இருக்குறது நல்லது. ஒரே ஒரு கைக்குட்டையும் பழைய டம்ளரும் வச்சு மொதல்ல சின்னதா ஒண்ணு செஞ்சு பாருங்க, பதம் கைக்குப் புடிபட்டுரும், தப்பாப் போனாலும் ஒரு கைக்குட்டையோட போகும்.

அந்த ரெண்டாவது தொட்டி இப்பவும் இருக்கு, பத்துமணிப் பூ வச்சிருக்கேன். துண்டோட ஓரத்துல நெசவுல ஒரு பட்டைக் கரை இருக்கும்ல, அது அப்படியே விளிம்புல சிமெண்ட்ல பதிஞ்சு நிக்குது, கோடு கோடா, ஒவ்வொரு நூலும் தெரியுற மாதிரி. வெளிக்கோட் அடிக்கும்போது அத மூட மனசு வரல, அந்த ரெண்டு அங்குலத்த மட்டும் பிரஷ் படாம விட்டு வச்சேன். தண்ணி ஊத்துறப்ப அந்தக் கரை மட்டும் மொதல்ல கறுத்து, கடைசியா வெளுக்குது.